ஒரு கூறு கச்சான்

கோரைமுனையில் கச்சான் காற்றை ஏலத்தில் விற்றது நான்தான், இதில் வேறு யார் மேலும் பழி போட ஒன்றுமில்லை, ஆடி முதல் நாள் காலையில், ஏலத் திடலில் அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, என் வாயால் கூறி, என் கையால் தட்டி, மூன்று தரம் முடித்துக் கொடுத்தேன். வாங்கியவர் பஞ்சர் கடை கஸ்பார். விலை ஒரு வாய் வெற்றிலை.

எங்கள் ஏலம் எப்படி என்று தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. படகு கரை தொட்டதும் மீனைக் கொட்டுவார்கள், நான் முன்னால் நின்று கூறுவேன், வியாபாரிகள் கேட்பார்கள், மூன்றாம் தரம் சொல்லிக் கைதட்டிவிட்டேன் என்றால் அந்தக் குவியலுக்குள் என்ன கிடந்தாலும் அது கேட்டவருக்கு, அப்புறம் கடலே எழுந்து வந்து கேட்டாலும் திரும்பாது. ஒரு தடவை என் காதுத் தோடு கழன்று சூடை மீன் குவியலுக்குள் விழுந்ததைப் பார்க்காமல் கூறி முடித்துவிட்டேன், தோடு மீனோடு லாரி ஏறித் திருச்சிக்குப் போனது, நான் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்னொரு கட்டுப்பாடும் உண்டு: ஏலம் கூறுகிறவள் ஏலம் கேட்கக் கூடாது. தான் கூறிய பொருளைத் தானே வாங்கினால் அப்புறம் எந்த நாக்கை நம்புவது?

அன்றைக்குப் படகெல்லாம் வெறும் வலையோடு வந்தன. ஆடி மாதத்துக் கச்சான், மேற்கே கரையிலிருந்து கிளம்பிக் கடலைப் பார்த்து ஓடுகிற காற்று, மண்ணை வாரி வாரி என் கண்ணில் இறைத்தது, ஓலைப்பெட்டியை உதைத்து உருட்டியது, போதாததற்கு என் குடையைப் பிடுங்கிக்கொண்டு போய் அலையில் போட்டது. எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும் என்பது ஊரறிந்த விஷயம். பதினோரு வயதில் தலையில் மீன் கூடை ஏறியவள் நான், என்னை ஏமாற்றாத தராசு இந்தக் கரையில் கிடையாது, அதனால்தான் நாக்கையே தராசாக வைத்துக்கொண்டேன். அந்த நாக்கு அன்றைக்குச் சும்மா இருக்கவில்லை.

"இந்தக் கச்சான் யாருக்கு வேணும்? கூட்டிட்டுத் தொலைங்கடா! ஒரு தரம்!"

திடல் சிரித்தது. மீன் வாங்கப் பையோடு வந்து நின்ற கஸ்பார் கையைத் தூக்கினார். பஸ் நிறுத்தத்தில் சைக்கிளுக்கும் வேனுக்கும் காற்றடித்துப் பிழைக்கிற மனுஷன், ஐம்பத்தைந்து வயது, ஒண்டிக்கட்டை. இளவட்டத்தில் மூன்று தடவை படகேறி மூன்று தடவையும் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்ததில், 'கரைக் கஸ்பார்' என்று பேராகிப்போனவர். அந்த வாரம்தான் அவர் கடையில் காற்றடிக்கிற மெஷின் வெடித்திருந்தது.

"நான் எடுத்துக்கிறேன் பிரகாசி. நம்ம கடைக்குக் காத்துதானே சரக்கு?"

"என்ன தருவீரு?"

"ஒரு வாய் வெத்தல."

"ரெண்டு தரம்! மூணு தரம்! அண்ணே, கொண்டு போம்!" என்று கையைத் தட்டி, வெற்றிலையை வாங்கி வாயில் போட்டேன். சுண்ணாம்பு நாக்கில் உறைப்பதற்குள் காற்று நின்றது. பறந்துகொண்டிருந்த மண் பறந்த இடத்திலேயே கீழே விழுந்தது. கஸ்பார் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார், அவர் பின்னாலேயே ஆறடித் தூரம் விட்டுப் புழுதி நடந்து போனது.

ஏன், எப்படி என்று ஒருத்தரும் கேட்கவில்லை, விற்ற சரக்கு வாங்கினவன் வீட்டுக்குப் போவதில் கேட்க என்ன இருக்கிறது? அவரவருக்கு அவரவர் வேலையைப் பார்க்கத்தான் தோன்றியது. மறுநாளே கஸ்பார் தெருவில் துணிக்கொடி கட்டத் தொடங்கிவிட்டார்கள், பள்ளிவாசல் தெருப் பெண்கள் வடக்குப் பக்கமும் கோயில் தெருப் பெண்கள் தெற்குப் பக்கமும் என்று துணி காயப்போடப் பங்கு பிரித்துக்கொண்டார்கள், இரண்டு நாள் காய வேண்டிய கருவாடு அரை நாளில் காய்ந்து கட்டையானது, மூச்சு முட்டுகிறவர்களைக் கட்டிலோடு தூக்கி வந்து அவர் வாசலில் படுக்கவைத்தார்கள், வேன்காரர்கள் டயரைக் கழற்றி அவர் கதவுப் பக்கம் காட்டினால் போதும், விம்மி நின்றது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு அவர் உள்ளே வந்தபோது மெழுகுதிரி அத்தனையும் அணைந்துபோனதால், பங்குச்சாமி வெளியே வந்து, "கஸ்பார், நீங்க ஜன்னலோரமா நின்னுக்குங்க, சாமிக்குக் கேக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கும் அவர் கோபப்படவில்லை. தலைமுடி வாரியபடி நிற்காமல் எப்போதும் முன்பக்கமாகவே பறக்க, சட்டை விடைக்க, டீக்கடைக்கு நடந்து போகிற கஸ்பாரைப் பார்த்து, ஏதோ பெரிய காரியத்துக்குப் போகிறார் என்று ஊர் வழிவிட்டது.

கடல்தான் செத்துக் கிடந்தது. எண்ணெய் ஊற்றிய மாதிரி தண்ணீர் அசையாமல் மினுங்கியது. மெஷின் படகுகள் போய் வந்தன, பாய் கட்டுகிற வள்ளங்கள் கரையில் படுத்துக் கிடந்தன.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சந்தியாகப்பர் திருவிழாவுக்கு இன்னும் மூன்றே நாள்.

எங்கள் கரையில் அந்தத் திருவிழா அன்றைக்குத்தான் பாய்மரப் போட்டி. ஏழு ஊர், ஏழு வள்ளம், வள்ளத்துக்கு ஆறு பேர். கோரைமுனையில் விடியக் கிளம்பிக் கரையோரமாகவே இருபத்தைந்து கல் தூரம் ஓடி, பொழுது சாய்வதற்குள் வெள்ளைத்திடலில் நட்ட கொடியைப் பிடுங்க வேண்டும். பக்கவாட்டில் அடிக்கிற கச்சான் இல்லாமல் அந்தப் போட்டி இல்லை. அந்த வருஷம் எங்கள் ஊர் வள்ளத்தில் சுக்கான் பிடிக்க இருந்தது என் மகள் அமலி.

அந்தச் சுக்கானுக்காகப் பதினான்கு மாதம் பேரம் பேசியிருக்கிறேன். பொம்பளை கை பட்டால் சுக்கான் திரும்பாது என்றார்கள், பட்டபோதெல்லாம் திரும்பியதே என்றேன். பாய் கிழியும் என்றார்கள், தைத்ததே அவள்தான் என்றேன். போட்டிக் கமிட்டித் தலைவர் நாகூர்கனி மரைக்காயர் நல்ல மனுஷன், ஆனால் ஏழு ஊருக்குப் பதில் சொல்ல வேண்டியவர். கடைசியில் என் வாய்க்குப் பயந்து புத்தகத்தை எடுத்து எழுதினார்: 'சுக்கான் – அமலோற்பவம். இவ்வருடம் மட்டும்.' எழுதி முடித்து, "ஒரு தடவதான் பிரகாசி. அடுத்த வருசம் இந்தப் பேச்சே எடுக்கப்படாது" என்றார். அந்த வருஷம் போட்டி நடக்காவிட்டால், அவளுக்கு இனி எந்த வருஷமும் இல்லை.

அமலி இருபத்தாறு வயதுக்காரி. என்னைப் போலக் கத்த மாட்டாள், அது இன்னும் மோசம். புதுப் பாயை மடித்து, அதன் மேல் உட்கார்ந்து, அசையாத கடலைப் பார்த்தபடியே கேட்டாள்:

"அம்மா, விக்கிறதுக்கு ஒனக்கு வேற ஒண்ணுமே கெடைக்கலையா?"

நான் கஸ்பார் வீட்டுக்கு ஓடினேன். போனால், எனக்கு முன்னாலேயே வெள்ளைத்திடல் ராயப்பன் அங்கே உட்கார்ந்திருந்தான். நாலு வருஷமாகக் கொடியைப் பிடுங்குகிறவன், மீசை ஒரு முழம். காற்றுக்கு விலை கேட்க வந்திருக்கிறான்! புது மெஷின் தருகிறேன், கூரை போட்டுத் தருகிறேன் என்று அவன் சொல்லச் சொல்ல, கஸ்பார் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.

"விக்கிறதா இல்ல தம்பி. தனியா இருந்து பழகினவனுக்குத்தான் தெரியும், நாம எந்திரிக்காமலே கதவு தானா சாத்துறதோட அருமை."

ராயப்பன் என்னை முறைத்துக்கொண்டே எழுந்து போனான். நான் கேட்கவும் முடியாது, கூறினவள் கேட்கக் கூடாது. கஸ்பாரே வெற்றிலையை மடித்தபடி பேசினார்:

"இது ரெண்டு நாளா சரியா இல்ல பிரகாசி. தெருக்கோடி வரைக்கும் போகுது, கடலப் பாக்குது, திரும்பி வந்து திண்டாடுது. ஆடு மாடுன்னா தண்ணி காட்டலாம். காத்துக்கு என்ன காட்டுறது?" மடித்த வெற்றிலையை வாயில் போட்டார். "நான் படகுல வர்றேன். அது பின்னாலயே வரும். நான் வாந்தி எடுத்தா சிரிக்கக் கூடாது."

"சிரிச்சா என் பல்ல ஒடைங்க அண்ணே."

ஆறு பேருக்கு மேல் ஆள் ஏற்றக் கூடாது என்பது போட்டிச் சட்டம். மணல் மூட்டை ஏற்றலாம், காற்றடிக்கிற பக்கம் நகர்த்தி வள்ளத்தைச் சாயாமல் பிடிக்க அது வேண்டும். நான் மரைக்காயரிடம் போய், "மூட்டைக்குள்ள மணல்தான் இருக்கணும்னு எழுதியிருக்கா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"மூட்டை மூச்சு விடக் கூடாதுன்னு எழுதியிருக்கா?"

மரைக்காயர் கண்ணாடியைக் கழற்றினார். "யாரு மூட்ட?"

"கஸ்பார் அண்ணன் ஒண்ணு. அவரைப் பிடிச்சுக்க நான் ஒண்ணு. அவர் வந்தாத்தான் காத்து வரும், காத்து வந்தாத்தான் ஒங்களுக்குப் போட்டி. மத்த ஊர்க்காரங்க பக்கத்துலயே வரட்டும், அவங்களுக்கும் அடிக்கும்."

மரைக்காயரும் சரி என்றார். அடிக்கும் என்றுதான் நானும் நம்பினேன். திருவிழாக் காலையில் போட்டி தொடங்கக் கொடி இறங்கியதும் தெரிந்துபோனது. கஸ்பார் இடுப்பில் என் முந்தானையைக் கட்டிக்கொண்டு வள்ளத்தில் ஏற, கச்சான் அலை நுனியில் காலை நனைத்துப் பார்த்து, தயங்கி, அவர் பின்னாலேயே ஏறிக்கொண்டது, எங்கள் பாய் எட்டு மாதக் கர்ப்பக்காரி வயிறு மாதிரி நிறைந்தது, அமலி சுக்கானை ஒரு விரல் அசைத்தாள், வள்ளம் பாய்ந்தது. மற்ற ஆறு வள்ளத்திலும் பாய் நனைந்த வேட்டி மாதிரி தொங்கியது. ஒரு பொட்டுக் காற்று அந்தப் பக்கம் போகவில்லை. ஏலத்தில் வாங்கின சரக்கல்லவா, அதற்கு உடையவனைத்தான் தெரியும்.

எனக்கென்ன? எனக்குத் தலைகால் புரியவில்லை. கரையோரத்துப் பனையெல்லாம் பின்னால் ஓடுகின்றன, தண்ணீர் வெள்ளி மாதிரி கிழிகிறது, என் மகள் சுக்கான் பிடிக்கிறாள், கஸ்பார் ஒரு பக்கம் குனிந்து காலைக் கஞ்சியைக் கடலுக்குக் கொடுக்கிறார், கச்சான் அவர் முதுகைத் தடவுகிறது, நான் "விடாதடீ! விடாத!" என்று கத்துகிறேன். இரண்டு கல் தூரம் போயிருப்போம். அமலி திரும்பிப் பார்த்தாள். அப்புறம் கயிற்றை அவிழ்த்துப் பாயைக் கீழே இறக்கினாள்.

"என்னடி பண்ற?"

"போட்டி எங்கம்மா?" என்றாள். "நல்லாப் பாரு. போட்டியக் காணோம்."

"கொடியப் பிடுங்குனாப் போதாதா? பதினாலு மாசம் நாயாப் பேயா அலைஞ்சேனே!"

"அம்மா, ஒரு நாளாவது நீ எடைக்கல்ல மாத்தி வச்சு மீன் வித்திருக்கியா?"

ஆயிரம் பொய் சொல்லி விற்றிருக்கிறேன். செத்த மீனைத் துள்ளுகிறது என்று கூறியிருக்கிறேன். எடைக்கல்லைத் தொட்டதில்லை, என்னை அழவைத்ததே அந்தக் கல்தான். கோபத்தில் நான் வள்ளத்து விளிம்பில் ஓங்கிக் குத்த, கீழே குனிந்திருந்த கஸ்பார் வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"முழுசா வித்ததுதான் தப்பு பிரகாசி. கூறு போட்டிருக்கணும்."

கூறு. இருபத்தைந்து வருஷமாக நான் கூறுகிறேன், என் பிழைப்பே கூறுவதுதான், கைவண்டிக்காரி கூட நண்டைக் கூறு கூறாகப் பிரித்துச் சாக்கு மேல் வைக்கிறாள், எனக்கு அது தோன்றவில்லையே!

அதற்குள் ஆறு வள்ளமும் துடுப்புப் போட்டு, வியர்த்து, வைதுகொண்டு வந்து சேர்ந்தன, மரைக்காயரின் மெஷின் படகும் பின்னால் வந்தது. ராயப்பன் எழுந்து நின்று கத்தினான்.

"ஏ ஏலக்காரி! ஊருக் காத்தையெல்லாம் மூட்ட கட்டி ஏத்திட்டுப் போறியே, வெக்கமா இல்ல?"

"மூட்ட நான்தான்யா, உக்காந்திருக்கேன் பாரு! வாய மூடிட்டு வள்ளத்தக் கிட்ட கொண்டா. ஏலம்!"

நடுக்கடலில் ஏழு வள்ளமும் பூ மாதிரி வட்டம் கட்டி நிற்க, நான் எழுந்து நின்றேன். "சரக்கு கஸ்பார் அண்ணனோடது. கச்சான், ஆடிக் கச்சான், எட்டு நாள் வீட்டுல வளந்த கச்சான். எட்டுக் கூறு. ஏழு வள்ளத்துக்கு ஏழு. எட்டாவது ஒடையவருக்கு, அவர் வீட்டுக் கதவு சாத்த. அண்ணே, வில?"

"வாங்குன வில. கூறுக்கு ஒரு வாய் வெத்தல."

"ஒந் தரகு?" என்று மரைக்காயர் கேட்டார். ஏலம் கூறுகிறவளுக்குத் தரகு உண்டு என்பது அவருக்குத் தெரியும், என்னையும் தெரியும், அதனால் மடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்க புஸ்தகத்துல ஒரு வரி இருக்கு. 'இவ்வருடம் மட்டும்.' அந்த வரிய எனக்குக் குடுத்துருங்க."

சுற்றிலும் முணுமுணுப்பு. அமலி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "மாமா, எம் பேருக்கு மட்டும் அடிக்காதீங்க. சுக்கான் யாரு கையின்னு கேக்கிற வழக்கத்தையே அடிச்சிருங்க."

"புஸ்தகம் கரையில இல்ல இருக்கு?" என்றார் மரைக்காயர்.

"வாய் இங்கதான இருக்கு?" என்றேன். "மூணு தரம் சொல்லுங்க."

மரைக்காயர் ஆறு ஊர் முகத்தையும் பார்த்தார். ஆறு ஊரும் தொங்குகிற பாயைப் பார்த்தது. எட்டு நாளாகக் காற்றில்லாமல் கிடந்தவர்கள். ராயப்பன்தான் முதலில் மீசையைத் தடவி, "சொல்லும் மரைக்காயரே. கை எவளோடதா இருந்தா என்ன, நான் முந்துறத எந்தக் கையும் தடுக்காது" என்றான். மரைக்காயர் தொண்டையைச் செருமி, 'சுக்கான் யார் கை என்று இனிக் கேட்பதில்லை' என்று ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம் சொன்னார். நான் கையைத் தட்டினேன். கடல் மேல் அந்தத் தட்டு வெகுதூரம் போனது.

அப்புறம் குனிந்து, கஸ்பார் முதுகில் படுத்திருந்த காற்றில் கைவைத்து, நண்டு பிரிக்கிற மாதிரி பிரித்தேன். கனம் கையில் தெரிந்தது. ஈரத் துணிக் கனம். ஒவ்வொரு வள்ளத்திலிருந்தும் மடியை அவிழ்த்து வெற்றிலை வந்தது, ஒவ்வொன்றாகக் கூறினேன், ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு பாய் படீரென்று விரிந்தது. ஆறு முடிந்தது. எங்கள் வள்ளத்து முறை வந்தபோது அமலி மடியில் வெற்றிலை இல்லை, நான் கொடுக்கக் கூடாது, கஸ்பார் தன் சரக்குக்குத் தானே விலை கொடுக்க முடியாது. ராயப்பன் வள்ளம் நகரத் தொடங்கியிருந்தது. அவன் திரும்பிப் பார்த்து, பல்லைக் கடித்து, மடியிலிருந்து ஒரு வெற்றிலைச் சுருளை எடுத்து எங்கள் வள்ளத்துக்குள் எறிந்தான்.

"இந்தா புள்ள! காத்தில்லாமத் தோத்தேன்னு நாளைக்குச் சொல்லப்படாது!"

ஏழாவது தட்டு. எட்டாவது கூறு கஸ்பார் முதுகிலேயே கிடந்தது. கையில் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. எந்த வியாபாரத்திலும் கொசுறு இல்லாமல் விடுகிறவள் இல்லை நான், அதைக் கரையைப் பார்த்து உதறிவிட்டேன், யாருக்கென்று பார்க்கவில்லை.

அதற்கப்புறம் நடந்ததுதான் போட்டி. இருபத்துமூன்று கல் தூரம் ஏழு வள்ளமும் ஒன்றை ஒன்று உரசிக்கொண்டு ஓடின, சாய்ந்த பாயின் மேல் தண்ணீரை வாரி வாரி அடித்தார்கள், நானும் கஸ்பாரும் மூட்டையாக அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் உருண்டோம், ஏழு வாய் வெற்றிலையையும் ஒன்றாகக் குதப்பிய கஸ்பாருக்கு வாந்தி நின்றே போனது, செக்கச் சிவந்த வாயோடு எழுந்து உட்கார்ந்து, "இவ்வளவுதானா கடலு?" என்றார். பொழுது சாயும்போது வெள்ளைத்திடல் கொடியை ராயப்பன் பிடுங்கினான். அமலி கை நீட்டியபோது கொடிக்கும் அவள் விரலுக்கும் நடுவே ஒரு முழம். இரண்டாவது. நான் மூன்று நாள் சோறு தின்னவில்லை. அவள் என்னடாவென்றால் மணலில் மல்லாந்து படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ராயப்பன் வந்து பக்கத்தில் நின்று, "கடைசி வளைவுல எப்படித் திருப்புன? சொல்லிக் குடு" என்று கேட்க, "அடுத்த ஆடிக்கு வா, பின்னாலருந்து பாத்துக்க" என்றாள்.

அடுத்த ஆடிக்கு ஏழு வள்ளத்தில் மூன்றில் பெண்கள் சுக்கான் பிடித்தார்கள், ஒருத்தி ராயப்பனின் தங்கை. அமலி எப்படி ஓடினாள் என்று கேட்கிறவர்கள் கோரைமுனைக்கு வந்து, மாதா கோயில் வாசலில் கட்டியிருக்கிற வெள்ளைத்திடல் கொடியைப் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கள் கரையில் கச்சான் இப்போதும் ஒரே சீராக வீசாது, கூறு கூறாகத்தான் வரும், ஒரு கூறு வரும், நிற்கும், அடுத்த கூறு வரும், நடுவில் யாரும் எதிர்பாராத நேரத்தில் கொசுறாக ஒரு பொட்டு வந்து வேர்த்த முகத்தைத் துடைத்துவிட்டுப் போகும். கஸ்பார் வீட்டுக் கதவு தானாகத்தான் சாத்துகிறது. நானும் ஏலத் திடலில்தான் நிற்கிறேன், கோபமும் மூக்கு நுனியில்தான் இருக்கிறது. ஓலைப்பெட்டி உருண்டு, மண் கண்ணில் விழுந்து, நான் இடுப்பில் கைவைத்து வாயைத் திறந்தால் போதும், திடலில் இருக்கிற அத்தனை பேரும் ஒரே குரலில் கத்துகிறார்கள்:

"அக்கா, கூறிராத!"

காற்றும் அப்போது ஒரு நொடி நின்று, என் கையைப் பார்க்கிறது.